முப்பத்தொன்பது பாகை

சிற்றம்பலம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அப்போதும் முப்பத்தொன்பதுதான்.

"என்னங்கய்யா சொல்லுது?" என்று வாசலில் நின்று கேட்டாள் அலுவலகம் கூட்டும் பேச்சியம்மா. அவள் கையில் தண்ணீர் வாளி இருந்தது.

"திங்கட்கிழமை சொன்னதைத்தான் இண்டைக்கும் சொல்லுது. ஒரு கோடு இறங்குதில்லை."

வவுனியாவில், தகரக் கூரைக்குக் கீழே வேகும் அந்த நிவாரணச் சங்க அலுவலகத்துக்குக் கொழும்பிலிருந்து ஒரு சேர்வர் வந்து இறங்கி மூன்று நாளாகிவிட்டது. முகாம்களில் இருக்கும் ஆறாயிரம் குடும்பங்களின் பெயர்களையும் ஒன்று விடாமல் நினைவில் வைத்திருக்கும் கணினி அது. அதன் நெற்றியில் சந்தனப் பொட்டு வைத்தாயிற்று. ஆனால் இன்னும் ஒருதரம்கூட அதை முடுக்கவில்லை.

காரணம், கூட வந்த கடிதம். அறை வெப்பம் முப்பத்தைந்து பாகைக்கு மேலிருந்தால் இயக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை கொழும்புத் தலைமையகத்துப் பிரேமிளா மிஸ் நேரில் வந்து பார்ப்பார். அறை குளிராவிட்டால் சேர்வர் வேறு கிளைக்குப் போய்விடும். கடைசி வரிதான் உச்சம்: "குளிரூட்டிக்கு நிதி இல்லை. உள்ளூர் வளங்களைப் பயன்படுத்தவும்."

பிரதம இலிகிதர் சிற்றம்பலத்துக்கு அதை விட்டுக்கொடுக்க மனமில்லை. மாதாமாதம் நிவாரணப் பட்டியலைக் கையால் பெயர்த்தெழுதுவது அவர்தான். எவ்வளவு கவனமாக எழுதினாலும் நாலைந்து பெயர் தவறிவிடும். பூவரசங்குளம் முகாமில் இருக்கும் பேச்சியம்மாவின் மகள் பெயர் இரண்டு மாதமாகத் தொடர்ந்து தவறியிருந்தது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்று, வெறும் பையோடு திரும்பிப் போனவள் அவள். பேச்சியம்மா ஒரு சொல் குறை சொல்லவில்லை. அதுதான் அவரை அதிகமாகச் சுட்டது.

"இந்தச் சேர்வர் ஓடத் தொடங்கட்டும். உங்கட மகளின்ர பேர் பிறகு ஒரு நாளும் தவறாது" என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

வாக்குக் கொடுத்தவருக்கு வெப்பத்தை அளக்க ஒரு கருவி வேண்டாமா? திங்கட்கிழமையே நஜீமின் இரும்புக் கடையில் போய்க் கேட்டார்.

"வெக்கையை அளக்கவோ? றோட்டில அஞ்சு நிமிசம் நில்லுங்கோ அண்ணை. அளவு தானாத் தெரியும்."

கடைசியில் ஆஸ்பத்திரித் தாதி சுமித்திராவிடம் கெஞ்சிக் காய்ச்சல் பார்க்கும் தேர்மாமீற்றர் ஒன்றை வாங்கினார். அதில் இலக்கங்கள் தொடங்குவதே முப்பத்தைந்திலிருந்துதான். கடவுளே பார்த்துச் செய்ததுபோல் இருந்தது.

"வாட்டில மிச்சம் ரெண்டுதான் கிடக்கு. இதை உடைச்சீங்களோ, நான் துலைஞ்சன்" என்றாள் சுமித்திரா.

சிற்றம்பலம் அதை இரண்டு கையாலும் ஏந்தி, குலுங்கும் என்று சைக்கிளில் ஏறாமல், நடந்தே வந்தார். பஞ்சு சுற்றி, நூலால் சுவரில் கட்டி, பக்கத்தில் "தொடாதே" என்று எழுதி ஒட்டினார். பகல் இரண்டு மணி. ஜன்னல்கள் பூட்டியிருந்தன. கூரைத் தகரம் படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது. பாதரசம் விறுவிறுவென்று ஏறி முப்பத்தொன்பதில் போய் நின்றது.

செவ்வாய்க்கிழமை அலுவலக முகாமையாளரின் மேசை மின்விசிறியைத் தூக்கி வந்து வைத்தார். முப்பத்தொன்பது. முகாமையாளர் கோபத்தில் வீட்டுக்குப் போய்விட்டார்.

புதன்கிழமை ஜன்னலெல்லாம் ஈரச் சாக்குத் தொங்கியது. பேச்சியம்மா கிணற்றுக்கும் அறைக்கும் நடந்து நடந்து சாக்குகளை நனைத்தாள். தண்ணீர் தரையில் ஓடி சேர்வரின் மேசையை நோக்கிப் போகவே, மேசையைச் செங்கல்லில் ஏற்றினார்கள். கூரைக்கு மேலே தென்னோலைக் கிடுகு பரப்பினார்கள். கிடுகிலிருந்து ஒரு மட்டத்தேள் சிற்றம்பலத்தின் கோப்புக்குள் விழுந்தது. பாதரசம் மட்டும் அசையவில்லை.

"ஐயா, எனக்கு இங்க நல்லாக் குளுருதுங்க" என்றாள் பேச்சியம்மா, சேலைத் தலைப்பால் காதை மூடிக்கொண்டு.

"உங்களுக்குக் குளிரும். எனக்கும் குளிருது. எங்கட உடம்பை நம்பி என்ன செய்யிறது? கருவி பொய் சொல்லாதே!"

வியாழக்கிழமை நஜீம் வந்து எட்டிப் பார்த்தான். "என்ர மச்சான் மீன் யாவாரம் செய்யிறான் அண்ணை. ஐஸ் கட்டி கேட்டா சும்மாவே தருவான்."

உமி ஒட்டிய நாலு ஐஸ் கட்டிகள் வந்தன. பேசினில் போட்டு, பின்னால் மின்விசிறியைச் சுழலவிட்டார்கள். அறை இரணைமடுக் குளக்கட்டில் மார்கழி மாதம் நிற்பதுபோல் ஆகிவிட்டது. மீன் வாசத்துக்கு ஊர்ப் பூனையெல்லாம் வந்தது. ஒன்று சேர்வரின் மேலேயே ஏறிப் படுத்தது. சிற்றம்பலத்துக்குத் தடிமன் பிடித்துக் குரல் அடைத்துப்போனது. தும்மிக்கொண்டே போய்ப் பார்த்தார். முப்பத்தொன்பது.

அன்றைக்கு அவருக்கு அழுகை வந்தது. தடிமன் என்று சொல்லி மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை விடியவே பேசினில் புது ஐஸ் கட்டிகள் போட்டார்கள். காலை பத்து மணிக்குப் பிரேமிளா மிஸ் வான் வண்டியில் வந்து இறங்கினார். அறைக்குள் கால் வைத்ததும் கைகளைக் கட்டிக்கொண்டார்.

"ஐயா, எனக்குப் பல்லுக் கிட்டுது. இஞ்ச எப்பிடி இருக்கிறீங்கள்?"

"அதைப் பாருங்கோ மிஸ்" என்று சுவரைக் காட்டினார் சிற்றம்பலம். பொய் சொல்ல அவருக்கு வராது.

பிரேமிளா கிட்டப் போய்ப் பார்த்தார். பிறகு கடிதத்தைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார்.

"முப்பத்தொன்பதுதான். என்ன ஐயா செய்யிறது? கடிதத்தில முப்பத்தைஞ்செண்டு தெளிவாய்க் கிடக்கு" என்று, குளிரில் நடுங்கும் கையாலேயே திருப்பி எடுக்கும் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். சாரதி பெட்டியைக் கொண்டு வந்து சேர்வரை உள்ளே இறக்கினான்.

சிற்றம்பலம் பேச்சியம்மாவின் பக்கம் திரும்பினார். குரல் கீச்சென்றுதான் வந்தது.

"என்னை மன்னியுங்கோ பேச்சியம்மா. இந்த மாதம் உங்கட மகளின்ர பேரைத்தான் முதல் எழுதுவன்."

"பரவாயில்லைங்கய்யா. வுடுங்க. இத நான் நர்சம்மாகிட்டக் குடுத்துட்டு வாறேன்."

அவள் நூலை அவிழ்த்தாள். பஞ்சை உரித்தாள். காய்ச்சல் வந்த பேரப்பிள்ளைகளை முகாம் மருத்துவரிடம் எத்தனையோ முறை தூக்கிக்கொண்டு போனவள் அவள். தேர்மாமீற்றரின் நுனியைப் பிடித்து, அங்கே பார்த்துப் பழகிய கையால் விசுக்கென்று மூன்று தரம் உதறினாள்.

"ஐயோ, உடையப்போகுது!" என்று பாய்ந்தார் சிற்றம்பலம்.

பேச்சியம்மா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். பாதரசம் முப்பத்தைந்துக் கோட்டுக்கும் கீழே போய் ஒடுங்கியிருந்தது. ஐஸ் பேசினுக்குப் பக்கத்தில் வைத்து, ஐந்து நிமிடம் எல்லாரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். மேலே ஏறவேயில்லை. சாரதி பெட்டியை மூடாமல் நின்றான்.

"என்னங்கய்யா, இத்தன நாளா உதறாமயா பாத்தீங்க? உதறாட்டி, திங்கக்கிழம அடிச்ச காய்ச்சலத்தானே வெள்ளிக்கிழமையும் காட்டிக்கிட்டு நிக்கும்!"