விமானம் ரத்தாகணுமே

"விமானம் ரத்தாச்சுன்னா, ரூமுக்குக் கட்டின பணம் போச்சா?"

இட்லியை விண்டுகொண்டே லக்ஷ்மிநாராயணன் கேட்டதும் பிரபாவதியின் சாம்பார் கரண்டி பாதி வழியில் நின்றது. அந்தமானில் ஒரு கடலோர விடுதியில் அறை போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் மனுஷர் ஆரம்பித்துவிட்டார்.

அவரையும் குறை சொல்ல முடியாது. கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி வளாகத்தில் பாதுகாப்புப் பிரிவு அதிகாரி. ஒரு பம்பு ஓடினால் பக்கத்தில் இன்னொன்று ஸ்டான்ட்பையாக நிற்க வேண்டும், அந்த ஸ்டான்ட்பைக்கும் ஒரு ஸ்டான்ட்பை வேண்டும் என்று பார்ப்பதுதான் உத்தியோகம். ஆபீசில் சம்பளத்துக்குச் செய்வதை வீட்டில் சும்மாவே செய்வார். வீட்டில் இன்வெர்ட்டர் இரண்டு, காஸ் அடுப்பு இரண்டு, டார்ச் லைட்டுக்குக் கணக்கே கிடையாது. புருஷன் மட்டும் ஒன்றுதான், அதுவும் எந்நேரமும் ஆபீசில்.

அந்தமான் கூட்டிப்போகிறேன் என்று கல்யாணமான புதிதில் சொன்ன வாக்கு. மகன் பிறந்து, படித்து, பெங்களூருக்கு வேலைக்கே போய்விட்டான். பயணத்துக்கு சர்க்கார் தருகிற எல்.டி.சி. சலுகை ஒவ்வொரு தடவையும் வீணாய்ப் போனது. ஒரு தடவை ஆய்வுக் குழு வந்தது, ஒரு தடவை பராமரிப்பு வேலை. குவார்ட்டர்சுக்குப் பின்னாலேயே அலைச் சத்தம் கேட்கிறது, கடலைப் பார்க்க அந்தமான் எதற்கு என்று அவரும் கேட்டுப் பார்த்தார்.

"இங்க கடல் இருக்குங்க. நீங்கதான் இல்லை," என்றாள் பிரபாவதி.

அது சுருக்கென்று தைத்தது. மறுநாளே டிக்கெட் போட்டார். போன் நம்பர் கேட்ட இடத்தில் அவள் நம்பரைக் கொடுத்தார். அவர் போன் பகல் முழுக்க வளாகத்து வாசலில் பெட்டியில் பூட்டிக் கிடக்கும், உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். டவுன்ஷிப்பில் பாதிப் புருஷன்மார்கள் எல்லாவற்றுக்கும் பெண்டாட்டி நம்பரைத்தான் கொடுப்பார்கள்.

இப்போது வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று டிவியில் சொல்லிவிட்டார்கள். ரூம் பணம் திரும்பாது என்று விடுதிக்காரர்கள் கைவிரித்தார்கள். ஒரு இன்சூரன்ஸ் எடுத்தார். விமானக் கம்பெனியே ரத்து செய்து, இவர்கள் போய்த் தங்கவும் இல்லையென்றால் ரூம் பணம் வந்துவிடும். அதோடு சும்மா இருந்திருக்கலாம். மழை ஓயட்டும் என்று ரூமை ஒரு நாள் தள்ளிப்போட்டார். விமானம் ஒரு தேதி ரூம் ஒரு தேதி என்றால் செல்லாது என்றார்கள் இன்சூரன்சில். தண்டம் அழுது டிக்கெட்டையும் தள்ளினார். அப்புறம், கடலோர ரூமில் தண்ணீர் புகுந்தால் என்ன செய்வது என்று மேட்டில் வேறொரு விடுதியில் ஸ்டான்ட்பை ரூம் போட்டு, அதையும் இன்சூரன்சில் சேர்த்தார். இரண்டில் ஒன்று வேண்டாமென்றால் கிளம்புவதற்கு முதல் நாள் மத்தியானத்துக்குள் சொல்லிவிட வேண்டும். அந்த மத்தியானம் அவர் உள்ளே இருந்தார், போன் வாசலில் இருந்தது.

ஆக, இரண்டே பேருக்கு இரண்டு ரூம். பறந்தால் ஒரு ரூம் பணம் தண்டம், ரத்தானால் எல்லாம் வாபஸ். அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் ஏறி மேகம் கூடுகிறதா என்று ஆசையோடு பார்த்தார். பிரபாவதி அதே நேரத்தில் மாமல்லபுரம் பெருமாள் கோயிலில் மழை வேண்டாமென்று கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

விடிந்ததும் திருவேங்கடத்தின் டாக்சியில் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பினார்கள். பிரபாவதிக்கு மயில்கழுத்துப் பட்டு, தலையில் மல்லி. பின்சீட்டில் தோள் உரச இப்படி உட்கார்ந்து எத்தனை வருஷமாயிற்று என்று அவருக்கே ஏக்கமாக இருந்தது. கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று யோசித்தார். அதற்குள் பூஞ்சேரி தாண்டியதும் அவள் போனில் செய்தி வந்தது.

"காலை விமானம் ரத்தாம்," என்று வாசித்தாள்.

லக்ஷ்மிநாராயணன் முகத்தில் வந்த மலர்ச்சி அவர் கல்யாண ஆல்பத்தில்கூடக் கிடையாது. எதிரே சென்னையிலிருந்து ஊழியர்களை ஏற்றிக்கொண்டு ஆபீஸ் பஸ் வந்தது. லீவாவது மிஞ்சட்டும் என்று காரை நிறுத்தச் சொல்லி, இறங்கி ஓடிப் பஸ்ஸை மறித்தார்.

"இன்னா சார், அம்மா தனியா குந்திகினு கீறாங்க, நீங்க பாட்டுக்குப் போறீங்க?" என்றான் திருவேங்கடம்.

"வீட்ல விட்டுடுப்பா," என்று சொல்லிவிட்டு ஏறினார்.

ஜன்னல் வழியே பார்த்தபோது பிரபாவதி போனைப் பிடித்தபடி என்னமோ சொல்ல வாயெடுத்தாள். பஸ் கிளம்பிவிட்டது. அந்த முகம் நாள் முழுக்க அவரை வேலை பார்க்கவிடவில்லை. பாவம், எவ்வளவு ஆசையாகக் கிளம்பினாள். போகும்போது பூ வாங்கிக்கொண்டு போக வேண்டும், அடுத்த வருஷம் கண்டிப்பாகக் கூட்டிப்போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

சாயங்காலம் வாசலில் போனை வாங்கியதும் வீட்டுக்குப் போட்டிருக்கலாம். அந்தமானில் அந்தக் கடலோர விடுதிக்குப் போட்டார். இவர்கள் வந்து தங்கவில்லை என்று விடுதி எழுதித் தர வேண்டுமே. எடுத்தது தமிழ்ப் பெண்தான். விமானம் ரத்தான கதையை ஆதியோடந்தமாகச் சொன்னார்.

"நாங்க வரலைன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்தாப் போதும்மா."

"எப்படி சார் எழுதறது? மத்தியான விமானத்துல மாத்திவிட்டாங்கன்னு மேடம் வந்து இறங்கிட்டாங்களே. சார் எப்ப வருவார்னு கேட்டதுக்கு, 'கல்யாணமானதிலேர்ந்து வீட்டுல உக்காந்து காத்துக்கிட்டிருந்தேன், இனிமே இங்க உக்காந்து காத்துக்கிட்டிருக்கேன்'னு சொன்னாங்க."