எல்லாப் பித்தானும் இருந்த சட்டை

தலை கிடையாது. கை கிடையாது. நிற்பதற்கு ஒற்றைக் கால். ஆனாலும் வாரம் தவறாமல் புதுச்சட்டை போடும். பசிக்கிறது என்று ஒருநாளும் சொல்லாது. அது என்ன?

யோசித்துக்கொண்டே இருங்கள். நாம் தையல்காரர் வீட்டுக்குப் போய் வருவோம்.

தையல்காரருக்கு உயிருக்கு உயிரான நண்பர்கள் இருவர். ஒருவர் முடிதிருத்துகிறவர், மற்றவர் மின்சாரக்காரர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மூவரும் சேர்ந்து ஊரைச் சுற்றுவார்கள், வயிறு முட்டச் சாப்பிடுவார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது.

எல்லாம் போன நாடகத்தில் வந்த வினை. பக்கத்து வீட்டு டீச்சர் அதில் ராணி. தையல்காரர் மனைவிக்கு அவர் நெருங்கிய தோழி. ராணி சாகும் காட்சியில் அரங்கமே மூக்கைச் சிந்திக்கொண்டிருக்க, தையல்காரர் குறட்டை விட்டார். கூட்டம் சிரித்தது. செத்துப்போன ராணி எழுந்து பார்த்தார்.

"இந்த சனிக்கிழமை புது நாடகம். இதுலயும் டீச்சர்தான் ராணி. கடைசி வரைக்கும் கண்ணைத் தொறந்து, நிமிர்ந்து உக்காரணும். முடியலைன்னா இனிமே ஞாயித்துக்கிழமையெல்லாம் என் கணக்கு" என்றாள் மனைவி.

அதே சனிக்கிழமை மாலைதான் அரங்கத்துக்கு எதிரே புதுச் சாப்பாட்டுக் கடை திறக்கிறார்கள் என்று முடிதிருத்துகிறவர் சேதி கொண்டுவந்தார். முழுக்கோழி வறுவல். மேசைக்குச் சொல்லி வைத்தாயிற்று. தையல்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தலையைத் தூக்கினார். கடை மூலையில் துணி மாட்டும் பொம்மை நின்றுகொண்டிருந்தது.

விடுகதைக்கு விடை கிடைத்துவிட்டதல்லவா? தையல்காரருக்கும் அதுதான் விடை.

பொம்மையின் ஒற்றைக் காலைக் கழற்றினார். வெட்டுத்துணியை அடைத்துத் தலை, கை, கால் எல்லாம் செய்தார். ஒரே துணியில் அவருக்கு இரண்டு சட்டைகள் உண்டு. ஒன்றைப் பொம்மைக்கு மாட்டினார், மற்றதைத் தான் போட்டுக்கொண்டார். ஜலதோஷம் என்று சொல்லிக் காதுவரை தொப்பி, மூக்குவரை கழுத்துத்துணி. பொம்மைக்கும் அதே கோலம். பக்கக் கதவை ஒட்டிய நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். அவரை அடுத்து மகள், அதற்கடுத்து மனைவி. அரங்கத்தில் விளக்குப் போடுவது மின்சார நண்பர். மணி அடித்ததும் அவர் ஒரேயடியாக இருட்டாக்கினார். ஆள் வெளியே, கதவுக்குப் பின்னால் முன்கூட்டியே ஒளித்து வைத்திருந்த பொம்மை உள்ளே. கோழியில் ஒரு கால் மின்சாரக்காரருக்கு என்று பேச்சு.

கோழி பிரமாதம். தையல்காரர் எலும்பைக்கூட விட்டு வைக்கவில்லை. கடைசிக் காட்சிக்குள் இருட்டோடு இருட்டாகத் திரும்பினார். நாற்காலி காலி. சொல்லாமலே பொம்மையை அப்புறப்படுத்திய நண்பரை மனதுக்குள் மெச்சிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். விளக்கு வந்தபோது எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டினார்.

மனைவி அவரை, ராணியைப் பாராட்டிவிட்டு வரலாம் என்று ஒப்பனை அறைக்கு அழைத்துப் போனாள். அங்கே டீச்சர் கிரீடத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"நாடகம் எப்படிண்ணே?"

"கண்ணை எடுக்க முடியலைம்மா."

"இவருக்கு மந்திரியைத்தான் ரொம்பப் புடிச்சிருக்கும்" என்றாள் மனைவி. "இல்லைங்க?"

"மந்திரியா? அடேயப்பா. என்ன குரல், என்ன கம்பீரம். அந்த நீள வசனத்தை மூச்சு விடாம பேசினாரே."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அதோ உக்காந்திருக்காரு. நேர்லயே சொல்லிடுங்க" என்றாள் மனைவி.

மூலையில், பஞ்சுத் தாடியும் சால்வையுமாக மந்திரி வீற்றிருந்தார். சால்வைக்குள் தெரிந்தது தையல்காரரின் சட்டை.

நடந்தது இதுதான். மந்திரிக்கு வசனம் கிடையாது, சபையில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த நடிகருக்குத் திடீரென்று காய்ச்சல். ஆள் தேடி வந்தவர்களிடம் மனைவி, "எங்க வீட்டுக்காரரைத் தூக்கிட்டுப் போங்க, நல்லா உக்காருவாரு" என்று சொல்லியிருக்கிறாள்.

"இருட்டுல உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" தையல்காரரின் குரல் கழுத்துத்துணிக்குள் புதைந்துபோயிருந்தது.

"காட்சிக்குக் காட்சி வெளிச்சம் வந்துச்சுல்ல. சட்டையைப் பார்த்தேன். எல்லாப் பித்தானும் இருந்துச்சு. ஊருக்கெல்லாம் தைக்கிறீங்க, கல்யாணமான நாள்லேருந்து உங்க சட்டையில எல்லாப் பித்தானும் இருந்து நான் பார்த்ததே இல்லை."

தையல்காரர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். தொப்புளுக்கு நேரே பித்தான் இல்லை. பொம்மைக்கு மாட்டிய சட்டையிலும் ஒன்று குறைந்துதான் இருந்தது. குறையோடு ஒரு சட்டையைப் பொம்மைக்குப் போட அவர் கை கேட்கவில்லை. மாட்டும் முன்பே உட்கார்ந்து தைத்துவிட்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கைமாறியது. அடுத்த நாளே எதிர்க்கடையில் ராணிக்கு விருந்து என்று முடிவாயிற்று. மேசைக்கு நான்கு நாற்காலி. மனைவி, டீச்சர், மகள் போக மிச்சம் ஒன்று. தையல்காரர் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டார். மனைவிக்கும் மனம் இளகியது. சின்னவளே சொல்லட்டும் என்றாள்.

மகள் அப்பாவைப் பார்த்தாள். மந்திரியைப் பார்த்தாள். பக்கத்து நாற்காலியில் இருந்தவரை அவள் கேட்ட கேள்விக்கெல்லாம் மந்திரி ஒருமுறைகூட "உஷ்" என்று சொல்லவில்லையாம்.

பொம்மை வரட்டும் என்றாள்.