இரண்டு புளித்த பாணும் மதுவிலக்குக் காரியதரிசியும்

வெள்ளவத்தை,
9 யூன் 1936.

மானிப்பாய் மதுவிலக்குச் சங்கத் தலைவரும், இளைப்பாறிய தலைமையாசிரியரும், என் அக்காவின் கணவருமாகிய கனம்பொருந்திய யேக்கப் முத்துத்தம்பி அத்தான் அவர்களுக்கு, மேற்படி சங்கத்தின் கொழும்புக் கிளைக் காரியதரிசியாகிய மைத்துனன் தானியேல் பூபாலசிங்கம் மிகுந்த வந்தனத்துடன் எழுதிக்கொள்வது:

கர்த்தருடைய இரக்கத்தினால் இங்கே நானும் பாக்கியமும் மகள் ஐறீனும் சரீர சுகத்துடன் இருக்கிறோம். அவ்விடத்தில் தாங்களும் அக்காவும் அவ்வாறே இருப்பதை அறிய ஆவல். தங்கள் கடிதம் கண்டு மகிழ்ந்தோம் என்று எழுதுவதே முறை. ஆனால் வந்தது கடிதமல்ல, போஸ்ட்காட். அதில் இருந்தது ஒரே ஒரு வரி. "வெள்ளவத்தைச் சம்பவம் கேள்விப்பட்டோம், நோபேட்டின் கலியாண விஷயத்தை இனி ஆறுதலாக யோசிக்க வேண்டியிருக்கிறது." அத்தான், அந்தப் போஸ்ட்காட்டை எங்களுக்கு முந்தித் தபாற்காரன் வாசித்துவிட்டான். கேற்றடியில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தான். பிறகு ஐறீன் வாசித்தாள். தங்கள் மகனோடு ஆவணியில் நடக்கவிருந்த கலியாணத்துக்கென்று தைத்துக்கொண்டிருந்த தலையணை உறையை மடித்து வைத்துவிட்டுத் தையல் மெசினுக்கு மூடியைப் போட்டுவிட்டாள். மூன்று நாளாயிற்று. மூடி இன்னும் எடுபடவில்லை.

ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். தங்களுக்கு அதை எழுதியறிவித்த அழகுமுத்து, கோயிலில் ஓர்கன் வாசிக்கிறவர். அவருக்குக் கறுப்புக் கட்டையும் வெள்ளைக் கட்டையுமே சரியாகத் தெரிகிறதில்லை, மற்றவை எப்படித் தெரியும்?

இதற்கெல்லாம் ஆதிகாரணம் யார்? மரியாதையோடு சொல்லுகிறேன், தாங்கள்தான். பங்குனி மாதம் தாங்கள் எனக்குப் பதினான்கு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினீர்கள். பெந்தெகொஸ்தே என்றால் பரிசுத்த ஆவி இறங்கின நாள் என்று மட்டும் நினைத்து, இரண்டு பாட்டுப் பாடிவிட்டு வீட்டுக்குப் போய்க் கோழிக்கறி சாப்பிடுகிறோம், அதன் வேர் எங்கே என்று ஒருவரும் தேடுகிறதில்லை என்று குறைப்பட்டிருந்தீர்கள். வேர் எபிரெயருடைய வாரங்களின் பண்டிகை. பஸ்காவிலிருந்து ஏழு வாரம் எண்ணி, ஐம்பதாம் நாளில், கோதுமை அறுப்பின் முதற்பலனாக இரண்டு பாண் ரொட்டி சுட்டு, கையில் தூக்கிக் கர்த்தருடைய சந்நிதியில் அசைவாட்டுவார்கள். சீனாய் மலையில் கற்பனைகள் கொடுபட்டதையும் யூதர்கள் அந்த நாளிலேதான் நினைக்கிறார்கள். அந்தப் பண்டிகைக்கென்று எல்லாத் தேசத்தாரும் எருசலேமில் வந்து நின்றபடியால்தான் அப்போஸ்தலர் பேசினதைக் கேட்க ஆளிருந்தது. எல்லாம் நல்ல விளக்கம். நான் இல்லையென்று சொல்லவில்லை. அதோடு விட்டிருக்கலாமே! விடவில்லை. ஒன்பதாம் பக்கத்தில் சிவப்பு மையால் இரண்டு கோடு கீறி எழுதினீர்கள்: பஸ்காவுக்குப் புளிப்பு வீட்டுக்குள்ளேயே இருக்கப்படாது என்ற கர்த்தர், ஐம்பது நாள் கழித்துப் புளிப்புப் போட்ட பாணையே கொண்டுவரச் சொல்லுகிறார், ஏனென்றால் புளிப்போடு இருக்கிற சாதாரண மனுசரையும் அவர் ஏற்றுக்கொள்ளுகிறார் என்று. கடைசிப் பக்கத்தில் கட்டளை: இந்த முறை வெள்ளவத்தைக் கோயிலில் இதைச் செய்து காட்டவும், அசைவாட்டுகிறவர் மைத்துனராகவே இருக்கட்டும், பாண் கடைப் பாணாக இருக்கக்கூடாது, வீட்டிலேயே சுட வேண்டும். இதே மாதிரி ஒரு பிரதி எங்கள் போதகருக்கும் போயிருந்தது. நான் எங்கே தப்புகிறது?

சரி, ஈஸ்டரிலிருந்து நாள் எண்ணத் தொடங்கினேன். குசினிக் கதவுக்குப் பின்னால் கரித்துண்டால் நாளுக்கு ஒரு கோடு. அந்தக் கதவிலேதான் பாக்கியம் பாற்காரன் வந்த நாளுக்குக் கோடு கீறுகிறவள் என்பது எனக்குத் தெரியாது. இருபத்தைந்தாம் நாள் எண்ணிப் பார்க்கிறேன், நாற்பத்தொன்பது கோடு நிற்குது. நாளைக்குப் பெந்தெகொஸ்தே எண்டு போதகருக்குச் சொல்லப் புறப்பட்டுச் சட்டையும் போட்டிட்டன். ஐறீன்தான் கலண்டரைக் கொண்டுவந்து காட்டி மறிச்சவள். "அப்பா, கோயில் கலண்டரிலை சிவப்பிலை அடிச்சே வைச்சிருக்கினம்" எண்டாள். கலண்டர் பார்க்கிறதெண்டால் எபிரெய வேர் எதுக்கு?

பிறகு கோதுமை. முதற்பலன் எண்டால் எங்கட வயலிலை விளைஞ்சதாய் இருக்கவேணுமாம். வெள்ளவத்தையிலை என்ன விளையுது, சொல்லுங்கோ பாப்பம்? முப்பது வருசம் துறைமுகத்திலை நிண்டு அவுஸ்திரேலியாவிலை இருந்து வாற மாமூட்டையை இறக்குவிச்சவன் நான். அதுதான் எங்கட அறுப்பு. அதையே பலசரக்குக் கடையிலை வாங்கிக்கொண்டு வந்து பாக்கியத்திட்டைக் குடுத்து, "இதுக்குப் புளிப்புப் போட்டுப் பிசை" எண்டன். அவள், "கள்ளு எங்கை?" எண்டு கேட்டாள்.

"என்ன கள்ளு?" எண்டன். "கள்ளுவிடாமல் மா புளிக்குமோ? ஞாயிற்றுக்கிழமை காலமையிலை சீனியம்மாவிட்டை வாங்கித் தாற அப்பம் வேற எப்பிடிப் பொங்குதெண்டு நினைச்சியள்?" எண்டு திருப்பிக் கேக்கிறாள். சீனியம்மா எங்கட ஒழுங்கை முகப்பிலை அப்பம் சுட்டு விக்கிற மனிசி. இருபத்திரண்டு வருசம், அத்தான்! இருபத்திரண்டு வருசம் நான் கள்ளப்பம் ஆறு சாப்பிட்டு, வாயைத் துடைச்சுக்கொண்டு போய், ஒரு துளியும் தொடாதேயுங்கோ எண்டு பிரசங்கம் பண்ணியிருக்கிறன். "ஏனடி இதை முந்திச் சொல்லேல்லை?" எண்டால், "நீங்கள் கேக்கேல்லையே" எண்டு சொல்லிப்போட்டு மாவை அரிக்கத் தொடங்கிவிட்டாள்.

அண்டைக்குச் சனிக்கிழமை. விடிஞ்சால் பெந்தெகொஸ்தே. சீனியம்மாவிட்டை ஓடினால் அடுப்பிலை நெருப்பில்லை, மகளுக்குப் பிள்ளைப்பேறெண்டு அவள் பொரளைக்குப் போய்விட்டாளாம். எங்கட பகுதியிலை கள்ளுத் தவறணை இருந்ததுதான். அதை மூடவேணுமெண்டு வீடு வீடாய்ப் போய் வோட்டுச் சேர்த்து மூடுவிச்சது யார்? நான்! அண்டைக்கு எனக்கு மாலை போட்டவை. இப்ப ஒரு போத்தல் கள்ளுக்கு நான் மட்டக்குளி வரைக்கும் போகவேண்டியதாய்ப் போச்சு. ரயில் ஏறிக் கோட்டைக்குப் போய், அங்கையிருந்து ட்ராமிலை கிராண்ட்பாசுக்குப் போய், பிறகு றிக்‌ஷாக்காரனிட்டை வாய்க்குள்ளை மென்று மென்று இடத்தைச் சொன்னால், அவன் தெருவெல்லாம் கேக்க, "தவறணைக்கோ மாத்தயா?" எண்டு கத்தினான்.

தவறணைக்காரர் நல்ல மனுசர். கறுப்புக் கோட்டும் கழுத்துப் பட்டியுமாய்ப் போய் நிண்ட என்னைக் கண்டவுடனை வாங்கைத் துடைச்சு இருக்கச் சொன்னார். நான் இருக்கேல்லை. வேதத்தின்ரை காரியத்துக்காக வந்தனான் எண்டன். "எல்லாரும் ஏதோ ஒரு காரியத்துக்குத்தான் மாத்தயா வாறது" எண்டார். போத்தலை நிரப்பித் தக்கையை இறுக்கித் தந்தார். வெளிக்கிட மழை கொட்டுது. மூலையிலை கிடந்த ஒரு குடையைத் தூக்கி, யாரோ ஒரு யாழ்ப்பாண மாத்தயா ஏழு கிழமைக்கு முந்தி விட்டிட்டுப் போனதாம், இன்னும் எடுக்க வரேல்லையாம், நனையாமல் கொண்டுபோங்கோ எண்டு தந்துவிட்டார். நான் அதைத் திரும்பியும் பார்க்கேல்லை. எனக்கு அங்கையிருந்து ஓடினால் காணும்.

ட்ராமிலை சனம். போத்தலைக் கோட்டின்ரை உள்சேப்பிலை வைச்சு மேலாலை கையை அமத்திக்கொண்டு இருக்கிறன். புதுக்கள்ளுக்குச் சூடும் குலுக்கலும் ஆகாதெண்டு எனக்கு யார் சொன்னது? தக்கை "டொப்" எண்டு பறந்து ட்ராம் கூரையிலை அடிச்சுது. அரைப் போத்தல் கோட்டுக்குள்ளை, மிச்சம் பக்கத்திலையிருந்த பறங்கி நோனா ஒருத்தியின்ரை தொப்பியிலை. அவ இங்கிலீசிலை பேசினா. கொண்டக்டர் சிங்களத்திலை பேசினான். முன்னாலை இருந்த சோனக வியாபாரி, "வயசு போன காலத்திலை இதென்ன வேலை? அல்லாவே!" எண்டு தமிழிலை சொல்லிக்கொண்டு எழும்பி மற்றப் பக்கம் போனார். எருசலேமிலை அவனவன் தன்ரை தன்ரை பாஷையிலை கேட்டானாம். நான் எல்லாப் பாஷையிலையும் கேட்டன், அத்தான், எல்லாம் தெளிவாய் விளங்கிச்சுது.

வெள்ளவத்தை ஸ்ரேசனிலை இறங்கினால் முன்னுக்கு அழகுமுத்து நிக்கிறார். மூக்கைச் சுருக்கி, "அண்ணை, கோட்டெல்லாம் ஈரம்" எண்டார். "மழை" எண்டன். "கையிலை குடை இருக்கேக்கையோ?" எண்டு கேட்டார். குடையைக் கக்கத்திலை இடுக்கிக்கொண்டு வீட்டை வந்திட்டன்.

மிஞ்சின கள்ளிலை மா நல்லாய்ப் பொங்கிச்சுது. விடிய மண்ணெண்ணெய்த் தகரத்திலை கீழும் மேலும் சிரட்டைத் தணல் போட்டுப் பாக்கியம் சுட்டெடுத்தாள். இரண்டும் ஒவ்வொரு குழந்தைப்பிள்ளை அளவு. எனக்கிருக்கிறது ஒரே கறுப்புக் கோட்டு. அது மழைக்குக் காயாமல் அடுப்புக்கு மேலை கிடந்து, கள்ளு மணமும் புகை மணமும் கலந்து போச்சு. போடாமல் போனால் மரியாதையில்லை. போட்டுக்கொண்டு போனன்.

ஆராதனை காலமை எட்டரை மணிக்குத் தொடங்கினது. நீங்கள் சொன்னபடி ஐறீன் ரூத்தின்ரை கதையை வாசிச்சாள். புகுந்த இடத்துச் சனத்தைத் தன்ரை சனமாய் எடுத்த மருமகளின்ரை கதை. ஒரு பிழை விடேல்லை. கேக்கவேண்டிய மாமன் மானிப்பாயிலை. பிறகு நான் பீடத்துப் படியிலை ஏறி, கைக்கு ஒண்டாய்ப் பாணைத் தூக்கினன். சூட்டோடை கொண்டுவந்த பாண், ஆவி பறக்குது. ஆவியோடை மணமும் பறக்குது. முன்வாங்கு முழுக்க ஒருதரை ஒருதர் பாக்கினம். நான் விடேல்லை. மேலை, கீழை, வலம், இடம். இடத்துக்குத் திரும்பேக்கை படிவிரிப்பு வழுக்கிக் கால் தடுமாறி இரண்டு தரம் ஆடினன். ஒரு பாண் கைதவறிப்போய் அழகுமுத்துவின்ரை ஓர்கனிலை விழ, அது "ப்பாங்" எண்டு அலறிச்சுது. அவர் எழும்பி, "காலமை ஒன்பது மணிக்கே!" எண்டார், கோயில் முழுக்கக் கேக்க.

அந்த நேரம் நான் வாயை மூடியிருக்கவேணும். எனக்கு வந்த கோவத்திலை, "நான் வெறியன் இல்லை! இப்ப ஒன்பது மணிதானே!" எண்டு கத்திப்போட்டன். பெந்தெகொஸ்தே நாளிலை பேதுரு எழும்பி நிண்டு சொன்ன நியாயமும் அதுதானே. போதகர் அந்த வேதபாடத்தை அஞ்சு நிமிசத்துக்கு முந்தித்தான் வாசிச்சு முடிச்சவர். சனம் சிரிச்ச சிரிப்பு! போதகர் புத்தகத்தாலை முகத்தை மூடினார். தோள் மட்டும் குலுங்கிச்சுது. இரண்டாயிரம் வருசத்துக்கு முந்திப் பேதுரு சொல்ல மூவாயிரம் பேர் ஞானஸ்நானம் எடுத்தவை. நான் சொல்ல ஐறீன் அழுதுகொண்டு வெளியாலை போனாள்.

இதுதான் அத்தான் நடந்தது. என்ரை நாக்கிலை ஒரு துளி படேல்லை. ஆனாலும் சங்கத்துக்கு என்னாலை இழுக்கு வந்ததெண்டு தாங்கள் நினைத்தால், காரியதரிசிப் பதவியை இத்துடன் விட்டுவிடுகிறேன். மது தொடேன் என்ற சத்தியப் பத்திரத்தில் திரும்பவும் கையெழுத்து வைக்கவும், கோயிலில் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்கவும் தயார். அப்பமும் இனிச் சாப்பிடமாட்டேன். தங்கள் மகன் நோபேட் கொட்டாஞ்சேனையில் ஒரு அறையில் இருந்துகொண்டு, கந்தோர் வேலைக்கும் கோயிலுக்கும் போவதைத் தவிர வேறொன்றும் அறியாத நல்ல பிள்ளை. போஸ்ட்காட் வந்த அன்றைக்கே ஓடி வந்து, வாசற்படியில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். அப்பாவின் சொல்லைத் தட்டமாட்டேன் என்று சொல்லுகிறபோது அவனுடைய கண்ணும் கலங்கிப்போயிருந்தது. தகப்பன் செய்த பிழைக்குப் பிள்ளையைத் தண்டியாதேயுங்கள். இதைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்ளுகிறேன். தங்கள் தீர்மானம் எதுவானாலும் தலைவணங்கி ஏற்பேன்.

அக்காவுக்கு எங்கள் எல்லோருடைய அன்பையும் சொல்லவும். சமாதானத்தின் தேவன் தங்கள் வீட்டையும் எங்கள் வீட்டையும் ஒன்றாகவே ஆசீர்வதிப்பாராக.

தங்கள் கீழ்ப்படிவுள்ள மைத்துனன்,
தா. பூபாலசிங்கம்.

பி.கு.: கடிதத்தை மடித்து உறைக்குள் வைக்கப் போகும்போது ஐறீன் அந்தத் தவறணைக் குடையைக் கொண்டுவந்தாள். அன்றைக்கு நனைந்தபடி மூலையில் போட்டதை இன்றைக்குத்தான் காய வைக்க விரித்தவள், கைப்பிடியிலே ஒரு வெள்ளிப் பூண் இருக்குது, சாம்பல் போட்டு மினுக்கினேன், எழுத்து வருகுது அப்பா, வாசியுங்கோ என்றாள். வாசித்தேன். "தலைவர் யேக்கப் முத்துத்தம்பி அவர்களுக்கு மானிப்பாய் மதுவிலக்குச் சங்கத்தாரின் அன்பளிப்பு." ஈஸ்டருக்குத் தாங்கள் கொட்டாஞ்சேனையில் மதுவிலக்குப் பிரசங்கம் செய்ய வந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அடுத்த நாள் திங்கட்கிழமை பின்னேரம் காற்று வாங்கப் போனதும், குடையில்லாமல் நனைந்து வந்து ட்ராமில் விட்டுவிட்டேன் என்று சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. அண்டையிலையிருந்து நான் கதவிலை கோடு கீறி எண்ணின ஏழு கிழமையும் அந்த மனுசரும் குடையை வைச்சு எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார், பாவம். நான் ஒண்டும் கேக்கமாட்டன், அத்தான். ஒன்பதாம் பக்கத்திலை சிவப்பு மையாலை நீங்கள் எழுதினது எனக்கு இப்பதான் முழுக்க விளங்குது. மேலே எழுதின ராஜினாமாவைத் தயவுசெய்து வாசிக்காத மாதிரி விட்டுவிடவும். அக்காவுக்கு இதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. ஐறீன் தையல் மெசினின் மூடியை எடுத்துவிட்டாள், இதை எழுதும்போது சத்தம் கேட்கிறது. குடையை அலுமாரியில் பத்திரமாய் வைத்திருக்கிறாள். ஆவணியில் கலியாணத்துக்கு வரும்போது எடுத்துக்கொள்ளலாம், மானிப்பாயில் இப்போது மழையில்லைத்தானே.