பலாப்பழத்தைக் கணக்கில் சேர்க்காத கார்

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இருபத்தாறு வயதில் நான் பெண் பார்த்ததைவிட, தெருவில் குப்புறப் படுத்து என் காரைப் பார்த்ததுதான் ஜாஸ்தி. பழைய, சின்னக் கார். டயருக்கும் அதன் மேலிருக்கும் வளைவுக்கும் நடுவே என் முஷ்டி தாராளமாக நுழைந்தது. வீடியோக்களில் வரும் கார்களுக்கு ஒரு விரல்கூட நுழையாது. அந்த இடைவெளி எனக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது.

ஆகவே காயில்ஓவர் வாங்கினேன். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த சாமான். அதிலிருக்கும் வளையத்தை ஒரு கொக்கி ஸ்பேனரால் திருகினால் கார் உயரும், தாழும். கடலூர் முதுநகரில் பட்டறை வைத்திருக்கும் லால்பேட்டை பாய்தான் மாட்டிக்கொடுத்தார். கூடவே அகல டயர் (அது இல்லாமல் எப்படி?).

"தம்பி, ஆளுங்கள ஒக்கார வச்சிதான் ஹைட் பாக்கணும். லோடு ஏறுனா இன்னும் எறங்கும், டயரு மேல ஒரசும்" என்றார் பாய்.

"நான் ஒருத்தன்தான பாய் ஓட்டப் போறேன்? இன்னும் ரெண்டு சுத்து எறக்குங்க."

இறக்கினார். "இந்த ஸ்பேனர மட்டும் வண்டியிலயே வச்சிக்கங்க" என்று கையில் திணித்தார். நான் அதை வீட்டில் ஃபிரிட்ஜ் மேல் பத்திரமாக வைத்தேன்.

அடுத்த ஞாயிறு அக்கா செல்வியின் மகளுக்குச் சிதம்பரத்தில் காதுகுத்து. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அந்தத் தாய்மாமன் நான். கல்யாணத்தில் சீர் முறையாக வரவில்லை என்று அக்காவின் மாமியார் மூன்று வருடமாகச் சொல்லிக்காட்டிக்கொண்டிருந்தார். "இந்த வாட்டியாவது என் மானத்தக் காப்பாத்துடா" என்று அக்கா போனில் அழாத குறை.

"கவலப்படாதக்கா. கார்ல வந்து எறங்குறதப் பாரு" என்றேன்.

அப்பா, அம்மா, அத்தை (எடையை எழுதினால் என்னோடு பேசமாட்டார்), ஏழு சீர்த்தட்டுகள், டிக்கியில் இரண்டு பண்ருட்டிப் பலாப்பழம். கடலூரைத் தாண்டி முதல் ஸ்பீட் பிரேக்கரில் ஏறியதும் பின்னாலிருந்து 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம், ரப்பர் கருகும் வாடை.

"என்னடா அது?" என்றார் அப்பா.

"புது ஸ்பிரிங்குப்பா. செட் ஆவுது."

இரண்டாவதில் கார் வயிற்றைத் தடையின் மேல் வைத்து உட்கார்ந்துவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. எல்லோரையும் இறங்கச் சொன்னேன். இறங்கியதும் அது பெருமூச்சு விட்டு எழுந்தது.

"ஏத்தலாம், எறக்கலாம்னு பீத்திக்கினியே. ஏத்து" என்றார் அப்பா.

"ஸ்பேனரு ஃபிரிட்ஜ் மேல இருக்குப்பா."

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தடையைத் தாண்டி நடக்க ஆரம்பித்தார். அதற்குப் பதில் அவர் திட்டியிருக்கலாம்.

அதன்பின் ஒவ்வொரு தடைக்கும் மூவரும் இறங்குவதும், நடப்பதும், ஏறுவதுமாகப் போனது. புதுச்சத்திரம் வருவதற்குள், நான் பிரேக் போடும் முன்பே அப்பா கதவைத் திறக்கப் பழகிவிட்டார். மூட்டுவலிக்காரர். கண்ணாடியில் அவர் விந்தி நடப்பதைப் பார்த்தபோது என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றியது.

பத்தரையோடு நல்ல நேரம் முடிகிறது. மண்டபத் தெருமுனைக்கு வந்தபோது பத்து பத்து. அங்கே ஒரு பள்ளிக்கூடம். பிள்ளைகள்மேல் அளவுகடந்த அக்கறை உள்ள யாரோ கட்டிய ஸ்பீட் பிரேக்கர், முழங்கால் உயரம். ஆட்கள் இறங்கினார்கள், போதவில்லை. பலாப்பழங்களும் இறங்கின, தட்டுகளும் இறங்கின. அதற்கு அப்பாலும் இரண்டு தடைகள் தெரிந்தன. திரும்ப ஏற்றி இறக்க நேரமில்லை.

"தூக்குங்க" என்றார் அப்பா.

அம்மாவும் அத்தையும் தட்டுகளை ஏந்தினார்கள். ஒரு பலாப்பழம் அப்பா தோளில் ஏறியது. மிச்சத்தை ஸ்டாண்டிலிருந்த ஆட்டோக்காரர்கள் மூன்று பேர் சிரித்துக்கொண்டே எடுத்துக்கொண்டார்கள். பின்னால் நான் காலிக் காரை உருட்டிக்கொண்டு, தலை நிமிராமல் போனேன். மண்டபத்து வாசலில் மொத்தச் சம்பந்தி வீடும் நிற்கிறது. அக்காவின் மானம் இன்றோடு போனது என்றே நினைத்தேன்.

தட்டுகள் வரிசையாக வருவதைப் பார்த்த நாயனக்காரர், எங்களுக்காகத்தான் காத்திருந்ததுபோல் எடுத்து ஊதினார். மேளம் சேர்ந்துகொண்டது. அக்காவின் மாமியார் படியிறங்கி வந்தார்.

"பாத்தீங்களா! இதான் மொற. தெரு மொனையிலேருந்தே நடந்து கொண்டாறாங்க. இந்தக் காலத்துல யாரு செய்றா?"

அக்கா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு ஒரே சமயத்தில் சந்தோஷமாகவும் கேவலமாகவும் இருந்தது. கருகிய ரப்பர் வாடையோடு உட்கார்ந்த என் மடியில், ஊசி கிட்டே வருமுன்பே பிள்ளை வீறிட்டது.

மறுநாளே பட்டறைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னதும் பாய் சிரித்தார். "அத்தையையும் கூட்டியாங்க" என்றார். அத்தையை உட்காரவைத்து, டயருக்கு மேல் மூன்று விரல் இடம் விட்டு உயர்த்தினார்.

இரண்டு வருடம் கழித்து அக்காவின் இரண்டாவது மகளுக்குக் காதுகுத்து. அதே மண்டபம். ஒரு தடையிலும் உரசாமல், ஒருவரையும் இறக்காமல், வாசலிலேயே கொண்டுபோய்க் காரை நிறுத்தினேன். அக்காவின் மாமியார் முகம் வாடிவிட்டது.

"இன்னா தம்பி, கார்லயே வந்துட்டீங்க? ஒங்கூட்டு வழக்கத்த வுடலாமா? மேளக்காரங்க அங்க நிக்கிறாங்க பாருங்க."

பள்ளிக்கூடத்து ஸ்பீட் பிரேக்கர் அருகே நாயனக்காரர் எங்களை எதிர்பார்த்து நின்றுகொண்டிருந்தார். காரைத் திருப்பினேன். முனையில் நிறுத்துமுன்பே அப்பா கதவைத் திறந்துவிட்டார்.

"செல்விக்கு இந்த ரெண்டோட போதும்னு சொல்லுடா" என்று சொல்லிவிட்டு, பலாப்பழத்துக்குத் தோளைக் கொடுத்தார்.