படிவத்தில் இல்லாத நாய்

மஞ்சக்குட்டை மலைக்கிராமத்தில் நாய் வேண்டும் என்று யாரும் விண்ணப்பித்ததாகச் சரித்திரம் இல்லை. காலையில் கதவைத் திறந்தால் வாசலில் ஒன்று படுத்திருக்கும். தாண்டிப் போக வேண்டும், அவ்வளவுதான். ரூபி வீட்டு வாசலிலும் காது கிழிந்த வெள்ளை நாய் ஒன்று அந்தப் பணியைச் செவ்வனே ஆற்றிவந்தது. அதற்குப் பெயர் கிடையாது. சேலத்தில் விலங்கியல் முதுநிலை படிக்கும் ரூபிக்கும் அதற்கொரு பெயர் வைக்கத் தோன்றியதில்லை.

இப்போது தேவைப்பட்டதோ ஆடு மேய்க்கிற நாய். ரூபியின் அப்பா தேவசிகாமணி கால் எலும்பு முறிந்து கட்டிலில் கிடந்தார். பதினாலு ஆடுகளும் மேய்ப்பாரில்லாமல் தாமே போயின. சாயங்காலம் எப்படியோ வீடு சேர்ந்துவிடும். பகலில் எங்கே மேய்ந்தன என்பதில்தான் வில்லங்கம். பக்கத்து காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் வந்து, "இன்னொருக்கா காப்பிச் செடியில வாய் வெச்சுதுன்னா அத்தனையும் புடிச்சுக் கட்டிருவேனுங்க" என்று மரியாதையாகவே மிரட்டிவிட்டுப் போனார்.

"சனிக்கெழம வித்துப்போடலாம் கண்ணு" என்றார் அப்பா. சொல்லும்போது ஆடுகளைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார்.

"சனிக்கெழமைக்குள்ள நாயோட வரேன்" என்றாள் ரூபி. வாசலில் கிடந்ததைத் தாண்டி பஸ் ஏறினாள்.

ஏற்காட்டில் சாந்தாமேரி அக்கா வீட்டில், மீட்கப்பட்ட மேய்ப்பு நாய் ஒன்று தற்காலிகமாகத் தங்கியிருந்தது. பெயர் மோக்கா. ஜாதி நாய்தான் வேண்டும் என்று யாரோ ஆசையாக வாங்கி, அது ஓயாமல் ஓடுகிறது என்ற அரிய உண்மையைக் கண்டறிந்து, விடுமுறை பங்களா வாசலிலேயே விட்டுப் போயிருந்தார்கள்.

"சீக்கிரம் கூட்டிட்டுப் போயிரு சாமி" என்றாள் சாந்தாமேரி. "நேத்து ஜெபக்கூட்டத்துக்கு வந்த எட்டுப் பேரையும் ஓட்டிக் கோழிக்கூண்டோரம் நிறுத்திருச்சு. முன்னால நின்னது பாஸ்டரு. மேய்ப்பரையே மேய்ச்சுப்போட்டுது!"

ஆனால் கொடுக்கும் அதிகாரம், நாயை மீட்ட அறக்கட்டளையின் தத்து ஒருங்கிணைப்பாளர் மணிகண்டனிடம் இருந்தது. அவரிடம் முப்பத்தோரு பக்கப் படிவம் இருந்தது.

"பெற்றோர் பேருங்க?"

"எங்கப்பா தேவசிகாமணி."

"உங்க பெற்றோர் இல்லீங்க. நாயோட பெற்றோர்."

"அது எனக்கெப்பிடிங்க தெரியும்?"

"இனிமே நீங்கதானுங்க." எழுதிக்கொண்டார். "தத்தெடுக்கும் நோக்கம்?"

"ஆடு மேய்க்கோணுங்க."

மணிகண்டன் பேனாவை மூடினார். "விதி ஏழு. தத்துப் பிள்ளையை வேலைக்கு அனுப்பக் கூடாதுங்க."

"மேய்க்கறது அது ரத்தத்துலயே இருக்குதுங்க!"

"ரத்தத்துல இருக்கலாம். படிவத்துல இல்லீங்களே."

"வேலை இல்லாமத்தானுங்க அது ஆளுகள ஓட்டுது!"

"அதுக்குத்தான் மனநல ஆலோசகர் தெனமும் ரெண்டு மணி நேரம் விளையாட்டு எழுதிக் கொடுத்திருக்காரு. உங்க ஊட்ல விளையாட்டுச் சாமான் இருக்குதுங்களா?"

கல்லூரிப் பட்டிமன்றத்தில் மூன்று வருடம் தொடர்ந்து கோப்பை வாங்கியவள் ரூபி. ஒரு கணம்தான் யோசித்தாள்.

"பதினாலு இருக்குதுங்க. தானா ஓடும். பேட்டரி வேண்டாம்."

மணிகண்டன் முகம் மலர்ந்தது. 'தானியங்கி விளையாட்டுச் சாதனம்: பதினான்கு' என்று அழகான கையெழுத்தில் பதிவு செய்தார். "கூர்முனை இருக்கக் கூடாதுங்க. விதி ஒன்பது. சனிக்கெழம நேர்ல வந்து ஆய்வு பண்ணுவோம்."

வெள்ளிக்கிழமை முழுக்க ரூபி பள்ளி மைதானத்து வேலியோரம் பழைய டென்னிஸ் பந்துகளைப் பொறுக்கி, ஓட்டை போட்டு, ஆட்டுக் கொம்புகளில் செருகினாள்.

"ஏன் கண்ணு, ஆடுகளுக்கு இப்பவே கிறிஸ்மஸா?" என்றார் அப்பா.

சனிக்கிழமை காலை ஜீப் வந்தது. கதவைத் திறந்ததும் மோக்கா பாய்ந்தது. பத்தே நிமிடத்தில் கொம்பும் பந்துமாகச் சிதறிக் கிடந்த ஆடுகள் பட்டிக்குள் அடைந்தன. நடுவில், படிவக் கட்டோடு, மணிகண்டனும் அடைந்திருந்தார். மோக்கா பட்டி வாயிலில் மோவாயைத் தரையில் வைத்துப் படுத்து, அவரையே உற்றுப் பார்த்தது.

"ஏனுங்க, நாயப் புடிங்க!"

"அது வேலை செய்யுதுங்களா, வெளையாடுதுங்களா?" என்றாள் ரூபி. "வேலைன்னா, விதி ஏழுப்படி நீங்களே வெளிய வந்து கூட்டிட்டுப் போயிருங்க. வெளையாட்டுன்னா, விதி பன்னெண்டு: பாதியில நிறுத்தி அதோட மனசை நோகடிக்கக் கூடாது."

மணிகண்டன் ஒரு காலை எடுத்து முன்னால் வைத்தார். மோக்கா ஒரு காதைத் தூக்கியது. காலைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"வெளையாட்டுத்தானுங்க" என்று ஓர் ஆட்டின் முதுகில் படிவத்தை வைத்துக் கையெழுத்திட்டார்.

கட்டுக்காலோடு வந்து எண்ணிப் பார்த்த அப்பா, "பதிமூணுதானே இருக்குது?" என்றார்.

எல்லாரும் மறுபடி எண்ணிக்கொண்டிருக்கையில், எஸ்டேட் பக்கத்து ஒற்றையடிப் பாதையில் பதினாலாவது ஆடு வந்தது. அதன் பின்னால், எந்த அவசரமும் இல்லாமல், காது கிழிந்த வெள்ளை நாய். ஆட்டைப் பட்டிக்குள் தள்ளிவிட்டு வாசலுக்குப் போய்ப் படுத்துக்கொண்டது.

"அட, தெனமும் சாயங்காலம் இதுதான் ஓட்டிட்டு வருதாட்ட இருக்குது!" என்றார் அப்பா.

மணிகண்டன் கடமையுணர்வோடு பேனாவைத் திறந்தார். "இது என்ன ஜாதிங்க?"

"ஜாதியெல்லாம் இல்லீங்க. நாட்டு நாய்."

"அப்ப இதுக்குப் படிவமே கிடையாதுங்க" என்று மூடிவிட்டார்.

ரூபிக்கு வந்ததே கோபம்! "அதெப்பிடிங்க கிடையாதுன்னு சொல்லலாம்? ஜாதி நாய்க்கு முப்பத்தோரு பக்கம், நாட்டு நாய்க்கு ஒரு பக்கம்கூட இல்லையா? இது அநியாயமுங்க!" சமத்துவத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசினாள். நாட்டு நாய்க்கும் குறைந்தது பத்துப் பக்கமாவது வேண்டும் என்று மனு எழுதிக் கொடுத்தாள். மணிகண்டன் பட்டிக்குள் இருந்தபடியே அதைப் பெற்றுக்கொண்டார்.

பிறகுதான், இவ்வளவு ஓடிய மோக்காவுக்குத் தாகமாயிருக்குமே என்று அவளுக்கு உறைத்தது. தண்ணீர் எடுக்க வீட்டுக்குள் ஓடினாள்.

வாசலில் படுத்திருந்ததைத் தாண்டித்தான் போனாள்.