போயிருக்காங்க, வருவாங்க

செத்த பிறகும் ஒரு நாள் லீவு போடாமல் வேலைக்கு வருகிற ஆள் இந்த ஆம்பூரிலேயே ஒருவர்தான். எங்கள் ஷூ கம்பெனி வாசல் பாய்.

அவர் வாட்ச்மேன் இல்லை. கம்ப்யூட்டர் ரூமில் உட்கார்ந்து டேட்டாபேஸுக்கு வாசல் வைக்கிறவர். அந்த ரூமைக் கூட்டித் துடைக்கிற உரிமை எனக்கு மட்டும்தான். மேனேஜரே என்னைக் கேட்டுத்தான் உள்ளே கால் வைப்பார். ஒரு நாள் பாயிடம் கேட்டேன், "அப்படி இன்னாதான் பண்றீங்க?"

"தோல் மண்டியில புரோக்கர் இருக்கான்ல சகாயம்மா? மத்த கம்பெனியில கேள்விக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவுல அப்படி ஒருத்தன் நிப்பான். நம்மகிட்ட கெடயாது. குடோன் சுவத்துலயே வாசல். ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு விலாசம். தட்டறவன் கேக்க வந்தானா, கொடுக்க வந்தானான்னு சொல்லணும். அதுக்கு இன்னா பதில்னு நான் முன்னாடியே எழுதி வெச்சிருவேன். நம்பர் மொதல்ல, பேச்சு அப்பறம். இருநூறுன்னா சரி. நானூத்தி நாலுன்னா அப்படி ஒண்ணு இங்க இல்லவே இல்ல."

மனுஷர்களுக்கும் அவரிடம் அதே சட்டம்தான். டீயோடு போய்க் கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து குரல் வரும்.

"கேக்கவா, கொடுக்கவா?"

"கொடுக்கத்தான். ஆறிப்போவுது."

"இருநூறு. வாங்க."

பிரியாணியில் கறி கம்மியாக இருந்தால் கேன்டீன்காரனிடம் தட்டை நீட்டி, "நானூத்தி நாலு" என்பார். ஒரு முறை அவர் சம்சாரம் சாப்பாட்டுக் கேரியரோடு வந்து நின்றார். பாய் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஐநூத்தி மூணு. இப்ப பிசி, அப்பறம் வா" என்றார். அந்த அம்மா உருதுவில் கொடுத்த பதிலுக்கு எந்த நம்பரும் கிடையாது. கேரியர் வந்த வழியே போனது.

பிறகு கேட்டில் ஒரு பேசும் பெட்டி வைத்தார்கள். கார்டைக் காட்டினால் பெட்டி போய் பாயின் வாசலைத் தட்டும். வாசல் கொடுக்கிற பதிலை உரக்கச் சொல்லும். பதிலையெல்லாம் பாய் தன் குரலிலேயே பதிவு பண்ணினார், கம்பெனியில் இருக்கிற அத்தனை பேர் பெயரையும் சேர்த்து. என் பெயரை மட்டும், "மரியாதை பத்தல" என்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். பத்தாதுதான்.

தகராறு வந்தது நானூத்திப் பத்தில். இருந்து, இப்போது இல்லாமல் போனவர்களுக்கு உண்டான நம்பர் அது.

"'போய்ட்டாங்க'ன்னு வெய்யுங்க பாய்" என்றார் மேனேஜர்.

"வாசல்ல நின்னு சொல்ற வார்த்தையா சார் அது? காலையில வீட்டை விட்டுக் கெளம்பறப்ப 'போறேன்'னா சொல்றீங்க?"

"போய்ட்டு வர்றேன்னு சொல்வேன்."

"மெஷினுக்கும் அதான்."

அப்படியே பதிவும் பண்ணினார். மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

போன மழைக்காலத்தில் பாய் ஒரு காய்ச்சலில் கண்ணை மூடினார். அடக்கம் முடிந்த மறுநாள் நான் கேட்டில் கார்டைக் காட்டினேன். முதலில் தொண்டையைச் செருமுகிற சத்தம். அப்புறம், "இருநூறு. சகாயம்மா, உள்ள வாங்க." எனக்கு முன்னால் போனவள் நெஞ்சில் சிலுவை போட்டாள். பின்னால் நின்றவள் பிஸ்மில்லா சொன்னாள். நான் "வர்றேன் பாய்" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

மார்கழியில் ஒரு நாள் தலைவலி என்று சீக்கிரம் வீட்டுக்குக் கிளம்பினேன். ஆபீசுக்குப் புதிதாக வந்த கிளார்க் கேட்டுக்குப் போன் போட்டு என்னைத் தேடியிருக்கிறார்.

"சகாயம்மாவா? அவங்க அப்பவே போய்ட்டாங்களே சார்" என்றான் வாட்ச்மேன் முனுசாமி.

"ஐயையோ, எப்ப?"

"சாப்பிட்டதும். தலைவலின்னாங்க, பாவம்."

கிளார்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டரிலிருந்து என் பெயரை அடித்து எடுத்துவிட்டார். என் இடம் காலியானால் கூட்டுகிற வேலை காண்ட்ராக்டுக்குப் போகும் என்று முன்பே முடிவாகியிருந்தது. மறுநாள் காலை காண்ட்ராக்ட் ஆட்கள் துடைப்பத்தோடு கேட்டில் நின்றார்கள்.

எதிரே நிற்கிற ஆள் தெரியாத பனி. கார்டைக் காட்டினேன். பெட்டி செருமியது.

"நானூத்திப் பத்து. சகாயம்மா போயிருக்காங்க. வருவாங்க. உள்ள ஒக்கார வெய்ங்க."

எல்லாரும் விலகி நின்றார்கள். முனுசாமி குனிந்து என் காலைப் பார்த்தான்.

"இன்னாடா பாக்கற?"

"தரையில படுதான்னு பாத்தேம்மா."

"செருப்பைக் கழட்டிக் காட்டட்டுமா?"

காண்ட்ராக்ட் சூப்பர்வைசர் குறுக்கே வந்தான். "பேரை அடிச்சாச்சும்மா. வெளிய நில்லு. எங்க ஆளுங்க உள்ள போவணும்."

அப்போது என் கார்டு இடுப்புச் சுருக்குப்பையில் இருந்தது. பெட்டிப் பக்கத்தில் யாரும் இல்லை. இருந்தும் அது இன்னொரு தரம் செருமியது.

"உள்ள ஒக்கார வெய்ங்க."

முனுசாமி தன் நாற்காலியைத் தூக்கிக் கேட்டுக்கு உள்பக்கம் போட்டு, என்னை உட்கார வைத்துவிட்டான். வெளியே நின்றிருந்தால் நான் பேர் அடிபட்டவள். உள்ளே உட்கார்ந்துவிட்டதால் வேலைக்கு வந்தவள்.

உள்ளேயிருந்து மேனேஜர் மாலையும் கையுமாக வந்தார். என் வீட்டுக்குத்தான் கிளம்பியிருக்கிறார். என்னைப் பார்த்ததும் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"யாருக்கு சார் மாலை?"

"சா... சாமிக்கும்மா."

காண்ட்ராக்ட் ஆட்கள் துடைப்பத்தோடு திரும்பிப் போனார்கள். மத்தியானம் என் பெயர் கம்ப்யூட்டரில் உயிரோடு எழுந்தது.

சாயங்காலம், கம்ப்யூட்டர் ரூம் ஆணியில் தொங்கிய பாயின் கார்டை எடுத்துப் போய்ப் பெட்டியிடம் காட்டினேன். தன் பெயருக்கும் பதிவு பண்ணி வைத்திருந்தார் மனுஷர். "நானூத்திப் பத்து. பாய் போயிருக்காரு. வருவாரு. உள்ள ஒக்கார வெய்ங்க."

அவர் நாற்காலியைத் தினமும் துடைக்கிறேன். புது இன்ஜினியர் அதில் உட்காரப் போனால் ஸ்டூலைக் காட்டுகிறேன். வருகிற மனுஷர் எங்கே உட்காருவார்?