இரட்டை சைலன்சர்

"சத்தம் கொறஞ்சாப் போதும் பாய். என்ன செய்வீங்களோ தெரியாது" என்றான் குணசேகரன், தன் பிக்கப் வண்டியின் அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களைப் பார்த்து.

கால்கள் மெக்கானிக் முகம்மது இப்ராஹிமுடையவை. "மீன் வண்டிக்கு என்னாத்துக்குப்பா அமைதி? மீனு தூங்கவா போவுது?" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

குணசேகரனுக்குக் காரணம் இருந்தது. சொல்லக்கூடிய விஷயமா அது?

காலையில் பட்டினச்சேரியில் மீன் ஏற்றிக்கொண்டு, வழியெல்லாம் விற்றபடி அவன் சுரக்குடி போய்ச் சேருவதற்குள் அந்தப் பழைய வண்டியின் உறுமல் காதுக்குள் குடியேறிவிடும். வேக முள் நாற்பதைத் தொட்டால் போதும், கேபின் முழுக்க ஒரே ஊம்ம்ம். எஞ்சினை நிறுத்தினாலும் காதுக்குள் அது நிற்காது. அந்த நேரம் பார்த்துத்தான் சுரக்குடித் தெருமுனையில் மதிவதனி நிற்பாள்.

கையில் நசுங்கிய அலுமினியக் கிண்ணம். கால் கிலோ. பேரம் கிடையாது. "இது என்ன மீனு?" என்று மட்டும் உரக்கக் கேட்பாள். நேற்றுச் சொன்ன மத்தியையே இன்றைக்கும் கேட்பாள். மீனைக் கிண்ணத்தில் போடும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள். அந்த வெட்கத்துக்காகவே அவன் நாலு மீன் கூடப் போடுவான்.

போகும்போது மெதுவாக ஏதோ சொல்லிவிட்டுப் போவாள். என்னவென்றுதான் விளங்காது. "என்னங்க?" என்று கத்திக் கேட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். ஆகவே தலையை மட்டும் ஆட்டுவான். ஒரு வருஷமாக ஆட்டிக்கொண்டிருக்கிறான்.

அவள் சொல்வதை ஒரே ஒரு நாளாவது காதால் கேட்டுவிட வேண்டும். அந்த ஏக்கத்தில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

இப்ராஹிம் பாய் முதலில் ஒரு லாரி சைலன்சரை வெட்டிப் பற்றவைத்தார். "பெரிய வயிறு. எல்லாச் சத்தத்தையும் முழுங்கிரும்" என்றார். திருநள்ளாறு வரைக்கும் அது முழுங்கியது. அதற்கப்புறம் முழுங்கியதையெல்லாம் மொத்தமாகக் கேபினுக்குள் கக்கியது. அன்றைக்கு மதிவதனி மீன் பெயர் கேட்டதுகூட அவன் காதில் விழவில்லை. குத்துமதிப்பாக, "இருபது ரூபா" என்றான். அவள் சிரித்தாள். சிரிப்பின் சத்தமும் கேட்கவில்லை.

"பைப்பு அதிருது தம்பி. அந்த அதிர்வு கேபின்ல வந்து தங்குது" என்று மறுநாள் பாய் கண்டுபிடித்துச் சொன்னார். லாரி சைலன்சரைக் கழற்றிவிட்டு, கார் சைலன்சர் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக மாட்டி, தொங்கும் இடங்களிலெல்லாம் ரப்பர் கொடுத்தார். வண்டியோடு வந்த பழைய சைலன்சர் காயலான் கடைக்குப் போயிற்று.

வண்டி வாயைத் திறக்கவில்லை. பின்னால் ஐஸ் பெட்டியின் மூடி ஆடுவதுகூடக் கேட்டது. தான் பாடினால் இவ்வளவு மோசமாக இருக்கும் என்பதும் குணசேகரனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இருந்தாலும் சுரக்குடி மதகு வரை பாடிக்கொண்டே போனான்.

தெருமுனையில் யாரும் இல்லை.

மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. போதாக்குறைக்கு, குரும்பகரத்து வாடிக்கைக்காரர்கள், "வண்டி வந்ததே தெரியலியேப்பா, கருவாட்டுக் கொழம்புதான் வச்சோம்" என்று சண்டைக்கு வந்தார்கள். பாதி மீன் பெட்டியிலேயே மிஞ்சியது.

பாய் இதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். பஸ் ஹாரன்.

குணசேகரனுக்குப் பொறுமை போய்விட்டது. தெருமுனையில் நிற்காமல் வண்டியைத் தெருவுக்குள்ளேயே விட்டான். மூன்றாவது வீட்டு ஜன்னலில் மதிவதனியின் தாவணி தெரிந்தது. நீளமாக ஒரு ஹாரன் அடித்தான். மாடு ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. கதவைத் திறந்துகொண்டு அவளுடைய அப்பா வைத்தியலிங்கம் வெளியே வந்தார்.

"யாருப்பா நீ? எங்க வாசல்ல வந்து எதுக்கு அடிக்கிற?"

"மீனுங்க. வழக்கமா உங்க வீட்டுல..."

அவருக்குப் பின்னால் மதிவதனி வந்து நின்றாள். அவனைப் பார்த்தாள். இல்லை என்று தலையை ஆட்டினாள். வேகவேகமாக ஆட்டினாள்.

"வழக்கமா எங்க வீட்டுல?" என்று வைத்தியலிங்கம் நிறுத்தி நிதானமாகக் கேட்டார்.

"தெரு மாறி வந்துட்டேங்க" என்றான் குணசேகரன்.

ஒரு வருஷமாக அவன் ஆட்டிய தலைக்கு அவள் ஒரே நாளில் பதில் ஆட்டிவிட்டாள். இனி இந்த ஊருக்கு எதற்கு வருவது? வண்டியைத் திருப்பினான். இரட்டை சைலன்சரின் புண்ணியத்தில் அவன் மூக்கை உறிஞ்சியது நன்றாகவே கேட்டது.

தெருமுனை வீட்டுக் காசியம்மா கையைக் காட்டி வண்டியை நிறுத்தினாள். காலைச் சுற்றி மூன்று பூனைகள். கையில் அந்த நசுங்கிய கிண்ணம்.

"கிண்ணத்தையும் குடுத்தனுப்பிட்டாங்களாக்கா?"

"யாரு குடுக்குறது? கிண்ணமே என்னுதுதான். ஒன் பழைய சைலன்சர் எங்க?"

"காயலான் கடையில."

"போயி எடுத்தாந்து மாட்டு. மதகுகிட்ட நீ உறுமுனாத்தான், அவ கொல்லைப்பக்கமா ஓடியாந்து கிண்ணத்த எடுத்துக்கிட்டு முக்குல நிக்க நேரம் இருக்கும். சத்தமில்லாம வந்தா அவளுக்கு எப்புடித் தெரியும்?"

"சத்தம் இருந்தா அவங்க சொல்றது எனக்குக் கேக்க மாட்டேங்குதேக்கா."

"வண்டி ஓட்டுறப்ப காதுல பஞ்சை வச்சுக்க. வந்து நின்னதும் எடு."

குணசேகரன் வாயைப் பிளந்தான். இப்ராஹிம் பாய்க்குக்கூட இது தோன்றவில்லை. ஆனாலும் மனசு ஆறவில்லை.

"இப்பதான் வேணாம்னு தலையாட்டுனாங்க. இனிமே எங்கிட்ட மீனு வாங்குவாங்களா?"

காசியம்மா பூனைகளைக் காலால் மெல்ல ஒதுக்கினாள்.

"அவங்க வூட்டுல முட்டைகூடச் சேக்க மாட்டாங்க தம்பி. ஒரு வருஷமா நீ குடுத்த மீனெல்லாம் இதுங்கதான் தின்னுச்சு."